தறியைத் தேடிய பட்டணம்

சென்னைக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கென்று ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கிறது. கடற்கரை, கபாலீசுவரர் கோயில், எழும்பூர் மியூசியம், தியாகராய நகர் ஜவுளிக் கடைகள், நேரம் மிச்சமிருந்தால் கோட்டை. இவற்றை முடித்துவிட்டு இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் பட்டணம் பார்த்த திருப்தி வந்துவிடும். நானும் காவேரிக் கரையிலிருந்து வருகிறவன்தான். பட்டியலை ஒரு முறைக்கு இரு முறை முடித்திருக்கிறேன். ஆனால் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோட்டை கொத்தளங்களைப் பார்த்துப் பிரமிப்பதைவிட, முன்பின் தெரியாத ஒரு குடியிருப்புத் தெருவில் சாயங்கால வேளையில் சாவகாசமாக நடந்து, 'இங்கே முதன்முதலில் குடி வந்தவன் யார்? சொந்த ஊரை விட்டு எதற்காக வந்தான்?' என்று யோசிப்பதில்தான் மனம் லயிக்கிறது.

இந்த வியாதிக்கு நல்ல தீனி போடுகிற பேட்டைகள் சென்னையில் மூன்று இருக்கின்றன. வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை. விருந்தாளியை யாரும் அங்கே அழைத்துக்கொண்டு போகமாட்டார்கள். "அங்கே பார்க்க என்ன சார் இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகள், அடைசலான கடைகள், நடுவில் ஒரு கோயில், இவ்வளவே கண்ணுக்குத் தெரிகிறவை. கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது ஒரு கதை. சமுத்திரம் தாண்டி வந்த ஒரு வியாபாரக் கும்பினி, ஏழை நெசவாளியின் வாசலில் நின்று, "ஐயா, தயவு செய்து எங்கள் ஊருக்குக் குடி வாருங்கள், வீடு தருகிறோம், கோயில் கட்டித் தருகிறோம்" என்று வேண்டிக்கொண்ட கதை.

ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். 1639-ம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்ற கும்பினி உத்தியோகஸ்தர் இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்தது ஓர் ஆச்சரியமான காரியம். இங்கே துறைமுகம் கிடையாது. அலை புரண்டு புரண்டு அடிக்கும் கரை. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் சாமான்களும் மசூலாப் படகில் தொப்பலாக நனைந்துகொண்டே கரையேற வேண்டும். பக்கத்துச் சாந்தோமில் டே துரைக்கு ஒரு காதலி இருந்தாள், அதனால்தான் இந்த இடத்தின்மேல் அவருக்கு இவ்வளவு மோகம் என்று அந்த நாளிலேயே வம்பு பேசியிருக்கிறார்கள். நாவலாசிரியனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! ஆனால் டே தம் மேலதிகாரிகளுக்குச் சொன்ன காரணம் காதல் அல்ல, துணி. நல்ல நீளத் துணி மற்ற இடங்களைக் காட்டிலும் நூற்றுக்கு இருபது பங்கு மலிவாக இங்கே கிடைக்கும் என்பதே அவருடைய வாதம். வம்பைவிட இந்தக் கணக்கைத்தான் நான் நம்புகிறேன்.

துணி வேண்டுமானால் நெய்கிறவன் பக்கத்தில் இருக்க வேண்டும். கோட்டைச் சுவர் எழும்பத் தொடங்கியபோதே, இங்கே வந்து குடியேறுகிறவர்களுக்கு உண்பது, குடிப்பது, உடுப்பது எதன்மேலும் முப்பது வருஷத்துக்கு வரி கிடையாது என்று கும்பினி தண்டோராப் போட்டுவிட்டது. பட்டணத்தின் அஸ்திவாரம் பீரங்கியின் மேல் போடப்பட்டதாக நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். தறியின் மேல் போடப்பட்டது என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

முதலில் வண்ணாரப்பேட்டை. இந்தப் பெயரைக் கேட்டதும் பட்டணத்து வீடுகளின் அழுக்குத் துணி வெளுத்தவர்கள் இருந்த இடம் என்றே வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வெளுத்தது அழுக்குத் துணியல்ல. யாருமே உடுத்தாத புதுத் துணி. தறியிலிருந்து இறங்குகிற துணி பழுப்பாக, கஞ்சி மொடமொடப்போடு இருக்கும். அதை உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவி வைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் விரித்து, மல்லிகைப் பூவாக மாற்றி, மரக்கட்டையால் தட்டி மடித்துக் கொடுத்தால்தான் கப்பலில் ஏற்ற முடியும். கோட்டைக்கு வடக்கே ஓடிய ஆற்றின் தண்ணீரை நம்பி இந்தத் தொழில் நடந்தது. அந்த ஆறு பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயோடு கலந்து, இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய நிலையில் இருக்கிறது. இன்றைய தங்கசாலைத் தெருவுக்கு ஒரு காலத்தில் வண்ணார் தெரு என்றே பெயர். நாணயம் அடிக்கிற சாலை அங்கே குடியேறியது 1840-ஐ ஒட்டிய வருஷங்களில்தான். தங்கம் வந்ததும் வண்ணார் பெயர் போய்விட்டது. தெருக்களுக்கும் மனிதர்களைப் போலவே பணம் வந்தால் பழைய பெயர் பிடிப்பதில்லை போலும்!

வண்ணாரப்பேட்டையில் இப்போதும் துணி விற்கிறார்கள். எம்.சி. ரோடு என்றால் வடசென்னையில் கல்யாண ஜவுளி என்று அர்த்தம். தீபாவளிக்கு முன் அந்தத் தெருவில் ஒருவர் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். ஜவுளிக்கும் இந்தப் பேட்டைக்கும் உள்ள சம்பந்தம் ஏறக்குறைய நாலு நூற்றாண்டாக அறுபடவில்லை. ஆனால் கூட்டத்தில் நெரிபடுகிறவருக்கு அதை நினைக்க எங்கே நேரம்?

வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே, திருவொற்றியூருக்குப் போகும் வழியில் இருக்கிறது காலடிப்பேட்டை. 2021-ம் ஆண்டு முதல் மெட்ரோ ரயில் அந்த வழியாக ஓடுகிறது. காலடிப்பேட்டையிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். சுற்றிலும் பழைய தெருக்கள்.

கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், "ஏம்மா, இந்தப் பேட்டைக்குக் காலடிப்பேட்டை என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டேன்.

"பெருமாள் காலடியிலே இருக்கோம், அதுக்குத்தான் அந்தப் பேரு. இது கூடவா தெரியாது தம்பி?" என்றாள் அந்த அம்மாள், கையிலிருந்த நாரை நிறுத்தாமல்.

நான் மறுத்துச் சொல்லவில்லை. அந்த விளக்கம் சரித்திரத்தைக் காட்டிலும் அழகாக இருக்கிறது. சரித்திரம் சொல்வது வேறு. 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட். திருவொற்றியூர் முதலிய ஐந்து கிராமங்களின்மேல் கும்பினிக்கு உள்ள பாத்தியதையை டில்லி பாதுஷா பரூக்சியர் 1717-ல் உறுதி செய்துகொடுத்தார். அந்த நிலத்தில் நெசவாளரையும் அவர்களைச் சார்ந்த தொழிலாளரையும் குடியமர்த்தி, காலெட் ஒரு புது ஊரை உண்டாக்கினார். 1719-ல் அங்கே நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள், பத்துக் கடைகள், ஐந்நூறுக்குச் சற்றுக் குறைந்த ஜனங்கள், கட்டி வந்த ஒரு கோயில் எல்லாம் இருந்தன. காலெட் பேட்டை, நம் ஜனங்களின் நாவில் புரண்டு புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று.

கோயிலைப்பற்றி ஊரில் வழங்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். காலெட்டிடம் வீரராகவன் என்ற வைஷ்ணவர் வேலை பார்த்தாராம். காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது. கச்சேரிக்கு நேரம் கழித்து வரும் அவரைக் காலெட் துரை ஒருநாள் கோபித்து, "உன் சுவாமி இப்போது காஞ்சியில் என்ன செய்துகொண்டிருக்கிறார், சொல் பார்க்கலாம்" என்று கேட்டார். வீரராகவன் கண்ணை மூடிக்கொண்டு, உற்சவத்தில் அந்த நிமிஷம் நேர்ந்த ஒரு தடங்கலைச் சொன்னார். குதிரையில் ஆள் அனுப்பி விசாரித்ததில் அது அட்சரம் பிசகாமல் உண்மையாக இருந்தது. துரை அசந்துபோய், இனி அந்த பக்தர் காஞ்சிக்கு நடக்க வேண்டாமென்று இங்கேயே வரதருக்குக் கோயில் எழுப்பினாராம்.

காலெட் பாப்டிஸ்ட் கொள்கையுடைய கிறிஸ்தவர்; விக்கிரக ஆராதனையை அங்கீகரிக்காதவர். பெருமாள் கோயிலுக்கு அவர் ஏன் ஆதரவு தந்தார்? பக்தியால் என்கிறது கதை. எனக்குத் தோன்றுவது வேறு. கோயில் இல்லாத இடத்தில் குடியேற நம் ஜனங்கள் சம்மதிக்க மாட்டார்கள். உற்சவம் இல்லை, கல்யாணம் நடத்த ஒரு சன்னிதி இல்லை, பிள்ளைக்குப் பெயர் வைக்கக் குருக்கள் இல்லை என்றால் எந்தப் பெண்டாட்டி புருஷனோடு கிளம்பி வருவாள்? கவர்னர் இதைத் தெரிந்துகொண்டார். வீட்டுக்குக் கூரை எப்படியோ, ஊருக்குக் கோயில் அப்படி என்று கணக்குப் போட்டார். பக்தரின் கதையையும் நான் தள்ளிவிடவில்லை. நெசவாளிகளின் பிடிவாதம்தான் அந்தக் கதைக்குள் ஒரே ஒரு பக்தராக உருவெடுத்து நிற்கிறதோ, யார் கண்டது?

இந்த இடத்தில் வாசகர்களைக் கொஞ்சம் லண்டனுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. காலடிப்பேட்டையில் வீடுகள் எழும்பிய அதே 1719-ம் வருஷம் ஜூன் மாதம், லண்டன் நகரத்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் பெரிய கலகம் மூண்டது. அதுவும் நெசவாளர் பேட்டைதான். பிரான்ஸ் தேசத்தில் மதக் கொடுமைக்கு ஆளாகி ஓடிவந்த பட்டு நெசவாளர் பலர் அங்கே குடியேறியிருந்தார்கள். இந்தியாவிலிருந்து சித்திரச் சீட்டித் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியதில் அவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. துரைசானிகள் பட்டையும் கம்பளியையும் விட்டுவிட்டுச் சீட்டியின்மேல் பித்தாகிவிட்டார்கள். பசித்த நெசவாளர்கள் கும்பலாகத் தெருவில் திரண்டு, சீட்டிக் கவுன் அணிந்து வந்த பெண்களை வழிமறித்துத் துணியைக் கிழித்தார்கள். மையையும் திராவகத்தையும் வீசினார்கள். உள்நாட்டு உபயோகத்துக்கு வண்ணச் சீட்டியை இறக்குமதி செய்யக்கூடாதென்று 1700-லேயே ஒரு சட்டம் இருந்தது. அது போதாதென்று 1721-ல் சீட்டியை உடுத்துவதையே தடுத்து இன்னொரு சட்டம் செய்தார்கள்.

திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒருவனுக்குப் புது வீடு. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒருவனுக்கு அடுப்பில் பூனை. இருவரையும் ஒரே துணி இணைத்திருந்தது; ஒருவன் இருப்பது மற்றவனுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் தெருவில் போகும் பெண்களின் கவுனைக் கிழித்தது அக்கிரமம்தான். ஆனாலும் கிழித்தவனை முழுவதும் வெறுக்க எனக்கு மனம் வரவில்லை. நூறு வருஷம் கழித்து நம் நெசவாளி அனுபவித்ததை அவன் முந்திக்கொண்டு அனுபவித்தான், அவ்வளவுதான்.

தடைச் சட்டம் வந்த பிறகும் கும்பினிக்குத் துணி வேண்டியிருந்தது. வெள்ளைத் துணிக்குத் தடையில்லை. சீட்டியை வேறு தேசங்களுக்கு விற்கலாம். ஆகவே நெசவாளியைத் தேடி அலைவது நிற்கவில்லை. ஏன் அப்படி அலைய வேண்டும், அதிகாரம் பண்ணி வேலை வாங்கக்கூடாதா என்று கேட்கலாம். வாங்க முடியாது. குழித்தறி போடுகிறவனுக்கு வேண்டியது ஒரு குழி. அதை எந்த மண்ணிலும் தோண்டிக்கொள்ளலாம். கட்டைகளை அவிழ்த்துக் கட்டித் தோளில் வைத்தால் மறுநாள் வேறு ஊர். வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர், தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். எல்லோருக்கும் துணி வேண்டும். கோபித்துக்கொண்டு கிளம்புவது அந்த நாளில் எல்லோருக்கும் தெரிந்த ஆயுதம். 1707-08-ல் வலங்கை இடங்கைச் சாதிகளுக்குள் தெருக்களைப்பற்றிச் சண்டை முற்றியபோது வலங்கையர் பலர் பட்டணத்தைக் காலி செய்துவிட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கவர்னர் தாமஸ் பிட் எவ்வளவு முறுக்கான ஆசாமி என்பது பிரசித்தம். அவரே அவர்களைச் சமாதானம் செய்து திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தப் பயமும் தேவையும் சேர்ந்து உண்டாக்கியதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பது மருவி வந்த பெயர் என்று சொல்வார்கள். 1734-ல் கவர்னராக இருந்தவர் ஜார்ஜ் மார்ட்டன் பிட். துணிக்குத் தட்டுப்பாடு. கூவம் ஆறு வளைந்து மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு போகும் இடத்தில் சுங்குராமர் என்ற பழைய கும்பினி வர்த்தகரின் பெரிய தோட்டம் இருந்தது. அதை எடுத்து, மரங்களை வெட்டித் தெருப் போட்டு வீடு கட்டினார்கள். அங்கே யார் யார் குடியிருக்கலாம் என்று விதித்த நிபந்தனை சுவையானது. நூற்பவர், நெய்பவர், துணியில் சித்திரம் தீட்டுபவர், வெளுப்பவர், சாயம் தோய்ப்பவர். இவர்களைத் தவிரக் கோயிலுக்கு வேண்டிய பிராமணரும் தேவதாசிகளும் மற்றப் பரிவாரமும். வேறு ஆட்களுக்கு இடமில்லை. இன்றைக்குத் தொழிற்சாலைகள் தொழிலாளருக்குக் குடியிருப்புக் கட்டுவதை நவீன ஏற்பாடு என்கிறோமே, அதற்கு இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் முந்தியது இது. நாட்டியப் பெண்கள் உள்பட என்பதுதான் வித்தியாசம்!

கோயிலும் உடனே வந்தது. ஒன்றல்ல, இரண்டு. கும்பினி வர்த்தகர் ஆதியப்ப நாராயண செட்டியார் முயற்சியில் எழுந்த ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் ஆதிபுரீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. வருகிற நெசவாளி நாமக்காரனாக இருந்தாலும் சரி, விபூதிக்காரனாக இருந்தாலும் சரி, ஒரு சாக்குச் சொல்லித் திரும்பிப் போக முடியாது.

சிந்தாதிரிப்பேட்டைக்குப் பறக்கும் ரயிலில் போய் இறங்கலாம். மவுண்ட் ரோட்டிலிருந்து ஒரு பாலம் தாண்டினாலும் போதும். ஐயா முதலித் தெரு, அருணாசல நாயக்கர் தெரு என்று தெருக்கள் கயிறு பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. நெசவாளர் தெருவுக்கு நீளமும் நேர்மையும் அவசியம். பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்த வேண்டுமல்லவா? இந்தத் தெருக்களில் ஒரு காலத்தில் விடியற்காலையில் நூல் பந்தல் போட்டதுபோலப் பாவு நீண்டிருக்கும் என்று கற்பனை செய்துகொண்டு நடந்தேன். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக் கற்பனையைக் கலைத்தது. இப்போது இந்தப் பேட்டை அதன் மீன் மார்க்கெட்டுக்குத்தான் பேர் போனது. தறிச் சத்தம் எங்கும் கேட்கவில்லை.

நடுவே ஒரு விஷயம். யாழ்ப்பாணத்திலிருந்து 1836-ல் சென்னைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் வின்ஸ்லோ இந்தச் சிந்தாதிரிப்பேட்டையைத்தான் தம் இடமாக்கிக்கொண்டார். ஜோசப் நைட் என்பவர் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைத்த வேலையை முடித்து, 1862-ல் அவர் வெளியிட்ட தமிழ்-இங்கிலீஷ் அகராதியில் அறுபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. தமிழில் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் அந்தப் பேட்டையில் நடக்கும்போது ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பது நல்லது.

தறிகள் எங்கே போயின? 1746-ல் பிரெஞ்சுக்காரர் பட்டணத்தைப் பிடித்தது, ஹைதர் அலி படையெடுப்பு, பஞ்சம் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். லங்காஷயர் யந்திரத் துணிதான் கடைசி அடி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யந்திரம் வருவதற்கு முன்பே நெசவாளி தோற்றுவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஒடுங்கினார்கள். கும்பினியிடம் முன்பணம் வாங்கியவன் வேறு ஒருவருக்கு நெய்யக்கூடாதென்று சட்டங்கள் வந்தன. கண்காணிக்கச் சேவகர்கள் வந்தார்கள். 1801-ல் ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு தறிக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடந்தாலும் போய்ச் சேரும் ஊர் கும்பினியின் ஊராகவே இருந்தது. அன்றைய தேதிக்குப் பிறகு நெசவாளிக்கென்று எந்தக் கவர்னரும் கோயில் கட்டிக்கொடுத்ததாக நான் படித்ததில்லை.

பேரன்மார்களில் சிலர் பெரம்பூர்ப் பக்கம் 1876-க்குப் பின் எழுந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் கூலிக்குப் போயிருக்கலாம். அந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டுதான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போக முடியாதவர்கள் உள்ளே இருந்துகொண்டே கோபித்துக்கொள்ளக் கற்ற இடம் அது. அந்த ஆலைகளும் 1996-ல் மூடப்பட்டுவிட்டன. கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி மட்டும் 'மெட்ராஸ்' என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் போய் அங்கே நிலைத்துவிட்டது. மார்ட்டினிக் தீவில் பெண்கள் விசேஷ நாளில் தலையில் கட்டிக்கொள்ளும் துணிக்கு இன்றும் அதுதான் பெயர். நம்மவர் பட்டணத்தின் பெயரை 1996-ல் மாற்றினார்கள்; அந்தத் துணியின் பெயரை மாற்றச் சொல்லி யாரும் அங்கே போகவில்லை.

காலடிப்பேட்டையிலிருந்து திரும்பும்போது மெட்ரோ நிலையத்துப் பலகையை நின்று பார்த்தேன். தமிழில் காலடிப்பேட்டை என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் இருப்பதும் காலடிப்பேட்டைதான். காலெட் துரையின் பெயர் அவருடைய பாஷையிலும் இல்லை. பூக்கட்டும் அந்த அம்மாள் சொன்ன பெயரைத்தான் இங்கிலீஷிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்.